ஏத்துன பின்னாடி

என்னோடு பதினொரு வருடம் வேலை செய்த ஒருவர் போன கிழமை தொலைபேசியில் அழைத்து, கராஜில் இப்போது கடதாசியே இல்லை என்றார். வாகனம் கொண்டுவருகிறவர் சொல்வதைக் கேட்டு எழுதுகிற வேலை போய்விட்டதாம். வரவேற்பு மேசையில் ஒரு திரை வைத்திருக்கிறார்கள். சத்தம், நடுக்கம், மணம் என்று அதில் பெட்டிகள். நடுக்கத்தைத் தொட்டால் முன்னுக்கா, பின்னுக்கா என்று கேட்கும். பின்னுக்கு என்று தொட்டால் விசயம் முடிந்தது.

"உங்கட காலத்து வில்லங்கம் ஒண்டும் இல்லை அண்ணை. ஒரு நிமிசத்திலை முடியுது" என்றார். குரலில் அவ்வளவு சந்தோசம். நானும் நல்லதுதான் என்று சொல்லிவிட்டு வைத்தேன். ஆனால் மனம் சும்மா இருக்கவில்லை. கடதாசிக் காலத்திலேயே அந்த 'பின்னுக்கு' என்ற பெட்டியை நான் என் கையாலேயே தொட்டவன். அதனால் ஒரு பெண் மூன்று கிழமை தன் வாகனத்தை ஓட்டாமல் வீட்டில் இருந்தாள். வேலையை விட்டு ஒரு வருடமாகியும் அது எனக்கு உறுத்துகிறது. எழுதிவிட்டால் கொஞ்சம் ஆறும் என்று பார்க்கிறேன்.

என் தொழில் கதை பெரிய கதை இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பஸ் டிப்போவில் ஸ்பனர் பிடிக்கப் பழகினேன். பிறகு கொழும்பு, பிறகு முகாம், பிறகு சிட்னி. இங்கே வந்து இரண்டு வருடம் கோழி வெட்டும் தொழிற்சாலையில் நின்றேன். படித்துச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு லிட்கமில் ஒரு கராஜில் சேர்ந்தேன். இருபத்தொரு வருடம் அங்கேயே கிடந்தேன். இதில் சொல்லத்தக்கது ஒன்று உண்டென்றால் அது எங்கள் வேலையை மேற்பார்த்த போர்மன் மிலான்தான்.

மிலான் சேர்பியாக்காரர். எட்டடிக்குக் கொஞ்சம் குறைவு என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவர் ஒருநாளும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். ஒவ்வொரு வாகனத்துக்கும் ஜொப் கார்ட் என்று ஒரு மஞ்சள் தாள் இருக்கும். என்ன குறை, என்ன செய்தோம் எல்லாம் அதில்தான் எழுதுவோம். அந்தத் தாளில் மிலானுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. முதல் வரியில் வாகனக்காரர் சொன்ன வார்த்தைகள் மட்டும்தான் இருக்கவேண்டும். நீ நினைப்பதை எழுதாதே. 'பிறேக் பிழை' என்று எழுதாதே. அவர் 'சறுக்குது' என்றால் 'சறுக்குது' என்று எழுது, 'ஆடு கத்துற மாதிரி' என்றால் ஆட்டையும் சேர்த்து எழுது. பிறகு மூன்று கேள்வி: எப்போது வருகிறது, என்ன வேகத்தில், வண்டியில் என்ன இருந்தது?

நான் அதை ஒழுங்காகச் செய்கிறவன். வெள்ளைக்காரர், லெபனான்காரர், வியட்நாம்காரர் யார் வந்தாலும் மூன்று கேள்வியும் கேட்பேன். என் ஆங்கிலத்தில் எனக்கே நம்பிக்கை இல்லாததால் திருப்பித் திருப்பிக் கேட்பேன். பிழை விட்டதெல்லாம் தமிழில்தான்.

கோமதி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மிலான் முழங்கால் சத்திரசிகிச்சை செய்து வீட்டில் இருந்த நேரம். முன்மேசைப் பெண் தமிழ்ப் பெயரைக் கண்டால் என்னைத்தான் கூப்பிடுவாள். போய்ப் பார்த்தால் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பிள்ளை, கையில் வண்டித் திறப்பு, வாசலில் ஒரு யூட். ஊரில் நாங்கள் பிக்கப் என்பதை இங்கே யூட் என்பார்கள்: முன்னுக்கு ஆட்கள் இருக்க இரண்டு வரிசை, பின்னுக்குத் திறந்த பெட்டி. திருநெல்வேலிப் பக்கம் என்றாள். குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு. கலியாணம், வளைகாப்பு, கோயில் சாப்பாடு என்று சமைத்துக்கொண்டு போய்க் கொடுக்கிற தொழில்.

"வாங்கோ பிள்ளை, என்ன செய்யுது?" என்று நான் தமிழில் தொடங்கினேன்.

"சாமான் ஏத்துன பின்னாடி பிரேக் போட்டா உதறுது அங்கிள். சீட்டுக்கு அடியில கடகடன்னு. பயமா இருக்கு."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்படி விளக்கமாகச் சொல்லுகிற ஆட்கள் எத்தனை பேர்? தமிழில் கேட்கும்போது என்ன சுகம்! மூன்று கேள்வியும் எனக்கு நினைவுக்கே வரவில்லை. மஞ்சள் தாளில் ஆங்கிலத்தில் எழுதினேன்: பிறேக் பிடிக்கும்போது பின்பக்கம் நடுங்குகிறது.

யூட்டைப் பார்த்தால் நேற்றுத்தான் கடையில் இருந்து இறக்கியது போல இருந்தது. பின்பெட்டியில் ஒரு அரிசிமணி இல்லை. கால்மிதியைக்கூடக் கழுவிக் காயவைத்துப் போட்டிருந்தாள். மெக்கானிக்கிடம் அழுக்கு வண்டியைக் கொடுப்பது மரியாதை இல்லை என்று அவள் நினைத்திருக்கிறாள். எங்கள் ஆட்கள் வேலைக்காரி வரமுதல் வீட்டைக் கூட்டுகிறவர்கள் அல்லவா. "நல்லா வைச்சிருக்கிறியள்" என்று நானும் பாராட்டினேன்.

ஓட்டிப் பார்த்தேன். அறுபதில் போய் பிறேக்கை மிதித்தேன், ஒன்றும் இல்லை. எண்பதில் மிதித்தேன், வழுக்கிக்கொண்டு நின்றது. மெதுவாக மிதித்தேன், கடுமையாக மிதித்தேன். கொண்டுவந்து தூக்கி நான்கு சில்லையும் கழற்றினேன். பின்பக்க வில்லுத் தகடு, அதைப் பிடிக்கிற போல்ட், பெயாரிங், நடு ஷாஃப்ட் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தேன். சில்லோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புச் சட்டியான பின் பிறேக் ட்ரம்மையும் கழற்றினேன். அதற்குள் உரசுகிற லைனிங் நல்ல தடிப்பு. ட்ரம்மின் உள்ளே அங்கங்கே, கடும் சூடு பட்ட இரும்பு போல, நீலம் பாரித்திருந்ததைக் கண்டேன், பழைய வண்டிதானே என்று கடந்துவிட்டேன். நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கால் பிறேக்கைத் தொடாமல், ஓடும்போது ஹாண்ட் பிறேக்கை மட்டும் மெதுவாக இழுப்பது. அது பின் சில்லுகளை மட்டும்தான் பிடிக்கும். அதையும் நான் செய்யவில்லை. நடுக்கமே இல்லாதபோது எதைப் பிரிப்பது என்ற நினைப்பு.

தாளில் 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய மேதாவி மாதிரி இன்னொரு வரியும் எழுதினேன்: ஓட்டுநர் பிறேக்கைச் சடுதியாக மிதிப்பது காரணமாக இருக்கலாம்.

கோமதி அந்தக் கடைசி வரியை வாசித்தாள். "சடன் பிரேக் நான் போடவே மாட்டேன் அங்கிள்" என்றாள், மெதுவாக. "எல்லாரும் அப்பிடித்தான் பிள்ளை நினைக்கிறது" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேல் வெறுப்பாக இருக்கிறது.

மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போயிருந்தேன். பூசை முடிந்து காரடிக்கு வரும்போது அந்த யூட் நின்றது. அண்டாக்களை எல்லாம் இறக்கியாகிவிட்டது. ஓட்டுகிற கதிரையில் ஒரு ஆண். பக்கத்தில் கோமதி. என்னைக் கண்டதும் இறங்கி வந்தாள். கோபமாக வந்திருந்தால்கூட நல்லாக இருந்திருக்கும். "நல்லா இருக்கீங்களா அங்கிள்? சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"இப்ப எப்படி, நடுங்கிறதோ?"

"இப்ப நான் ஓட்டுறதில்ல அங்கிள். இவருதான் சனிக்கிழமை மட்டும் ஓட்டுறாரு. வார நாள் ஆர்டரெல்லாம் விட்டுட்டேன்." அவள் புருசன் செந்தில் உள்ளே இருந்து கையைக் காட்டினார். கணினி வேலை. கிழமை நாட்களில் நகர முடியாது. "நீங்க எழுதிக்குடுத்த தாள ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்காரு. கொழந்தைய வச்சிக்கிட்டு இனிமே ஓட்டாதன்னுட்டாரு. வண்டிய வித்துரலாம்னு சொல்றாரு."

"அவர் ஓட்டேக்கை நடுங்கேல்லையோ?"

"கோயிலுக்கு வரும்போது நாப்பதுலதான் உருட்டுறாரு, பிரேக்கே போட மாட்டாரு. திரும்பும்போதுதான் சாதாரணமா ஓட்டுவாரு. அப்ப எப்படி உதறும்? எறக்குன பின்னாடி உதறவே உதறாது அங்கிள். ஏத்துன பின்னாடிதான்."

அந்தச் சொல்லை வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். எறக்குன பின்னாடி. இறக்கிய பிறகு வண்டிக்கு ஏது பின்பக்கம், முன்பக்கம்? எங்கள் பேச்சில் இடத்துக்குப் 'பின்னுக்கு', நேரத்துக்குப் 'பிறகு'. அவளுடைய பேச்சில் இரண்டுக்கும் 'பின்னாடி'தான். சாமான் ஏற்றிய பிறகு பிறேக் பிடித்தால் உதறுகிறது என்று அந்தப் பிள்ளை முதல் நாளே, முதல் வசனத்திலேயே முழு நோயையும் சொல்லியிருக்கிறாள். நான் சாமான் ஏற்றுகிற பின்பக்கம் என்று விளங்கிக்கொண்டு தலையாட்டியிருக்கிறேன்.

தொழில் தெரிந்தவனுக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. யூட்டின் பின் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. பாரம் ஏறி வண்டி பதிந்தால் அது திறந்து பின் பிறேக்குக்கு அழுத்தத்தை விடும். பெட்டி வெறுமையாக இருந்தால் பின் பிறேக்குக்குக் கொஞ்சம்தான் போகும், நிறுத்துகிற வேலையை முன்பக்கமே பார்த்துக்கொள்ளும். அவள் துடைத்துத் துப்புரவாக்கி வெறுமையாகக் கொண்டுவந்த வண்டியில் பின் பிறேக் வேலையே செய்யவில்லை. நான் எதைக் கண்டுபிடிப்பது?

"திங்கக்கிழமை கொண்டு வாங்கோ பிள்ளை. ஒரு சதமும் வேண்டாம். கழுவாமல் கொண்டு வாங்கோ. சனிக்கிழமை எவ்வளவு ஏத்துவியளோ அவ்வளவும் ஏத்திக்கொண்டு வாங்கோ."

"கழுவாம எப்பிடி அங்கிள் கொண்டு வர்றது?" என்றாள். வண்டி விற்கப்போகிற கவலையைவிட அந்தக் கவலைதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

திங்கட்கிழமை மிலான் வேலைக்குத் திரும்பியிருந்தார், கையில் ஒரு ஊன்றுகோலுடன். யூட் வந்து நின்றது. செந்தில் நாற்பதில் உருட்டிக்கொண்டு வந்து, கோமதியை விட்டுவிட்டு வேலைக்கு ஓடினார். நான்கு அண்டா நிறையத் தண்ணீர், மூடி போட்டுக் கயிற்றால் கட்டி. ஆறு மூட்டை அரிசி. மிலான் ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "யாராவது குளிக்கப் போகிறார்களா?" என்று கேட்டார். நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போய் என் பழைய தாளின் பிரதியை எடுத்துவந்து முதல் வரியை உரக்க வாசித்தார்.

"இதைச் சொன்னது யார்?"

"அந்தப் பிள்ளை."

"ஆங்கிலத்திலா சொன்னாள்?"

"இல்லை. தமிழில்."

"அப்படியென்றால் இதைச் சொன்னது நீ."

கண்ணாடியைக் கழற்றினார். நான் ஒருநாளும் காணாத அளவுக்கு நேரம் எடுத்துத் துடைத்தார். பிறகு, "வா, ஓட்டிப் பார்ப்போம்" என்றார்.

நான் ஓட்ட, அவர் பக்கத்தில். அறுபதில் வைத்து பிறேக்கை மிதித்தேன். ஐயோ, அந்த நடுக்கம்! ஸ்டியரிங் அசையவில்லை. கதிரையும் தரையும் சேர்ந்து குலுங்கின, அண்டா மூடிகள் தாளம் போட்டன. முன் பிறேக் குறை என்றால் கையில் தெரியும், பின் பிறேக் என்றால் இருக்கையில் தெரியும். ஆளில்லாத பக்கத்துத் தெருவில் நாற்பதில் போகவிட்டு, ஹாண்ட் பிறேக்கின் பொத்தானை அமத்திப் பிடித்தபடி மெல்ல இழுத்தேன். அதே நடுக்கம். இந்தப் பிள்ளை இப்படிப்பட்ட வண்டியில், பின்னுக்குக் கொதிக்கிற சாம்பாரையும் கதிரையில் குழந்தையையும் வைத்துக்கொண்டு எத்தனை சனிக்கிழமை போயிருப்பாள்!

ட்ரம்மைக் கழற்றி அளந்தோம். ஊசி அசைகிற அளவுமானியை உள்ளே பொருத்தி ட்ரம்மைச் சுற்றினால், ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் ஊசி ஏறி இறங்கியது. ஒரு தரம் என்றால் மையம் பிசகல். இரண்டு தரம் என்றால் வட்டம் முட்டை வடிவமாகிவிட்டது. இரண்டு பக்கமும் அப்படித்தான்.

"புதுசு போடலாம்" என்றார் மிலான். "ஆனால் ஏன் இப்படி ஆனது என்று தெரியாமல் போட்டால் ஆறு மாதத்தில் திரும்பி வருவாள்." கோமதியை அவரே போய்க் கூப்பிட்டார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டார், கோப்பி வேண்டுமா என்று கேட்டார், ஆங்கிலத்தில் விசாரித்தார். அவள் பதில் சொல்லத் தொடங்கியபோதுதான் எனக்கு அடுத்த அடி விழுந்தது. என்னைவிடப் பத்து மடங்கு நல்ல ஆங்கிலம். ஊரில் கணக்காளராக இருந்தவளாம். நான் தமிழில் தொடங்கியதால், பெரியவருக்கு மரியாதை என்று அவளும் தமிழில் சொல்லியிருக்கிறாள். அவளாகவே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அந்த மஞ்சள் தாளில் பிழையே வந்திராது.

எப்படி பிறேக் பிடிப்பாய் என்று மிலான் கேட்டார். சாம்பார் சிந்தக்கூடாது என்பதற்காகச் சிக்னல் தூரத்தில் தெரியும்போதே காலை வைத்து, நிற்கும் வரைக்கும் மெல்ல மெல்ல அமத்திக்கொண்டே வருவேன் என்றாள். குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து மேய்ஸ் ஹில் வரைக்கும் அத்தனை சிக்னலிலும் அப்படித்தான். பாரத்தோடு அப்படி உரசிக்கொண்டே வந்தால் பின் ட்ரம் அடுப்புச் சட்டியாகிவிடும். போய்ச் சேர்ந்ததும்? அண்டா நிற்கிற வண்டி உருளக்கூடாது என்று ஹாண்ட் பிறேக்கைப் பலம் கொண்ட மட்டும் இழுப்பாள். சூடான ட்ரம்மை இரண்டு பக்கத்தாலும் நெரித்தபடி ஆறவிட்டால் அது வட்டமாகவா ஆறும்? அதோடு முடியவில்லை. சாம்பார் காய்ந்தால் கறை போகாது என்று, இறக்கின கையோடு குழாயைப் பிடித்துக் குளிர்தண்ணீரும் அடிப்பாள்.

நான் என்ன எழுதினேன்? சடுதியாக மிதிக்கிறாள் என்று. மனுசி அளவுக்கு மிஞ்சி மெதுவாக மிதித்ததால் வந்த வினை அது. மற்றவன் சாப்பாட்டில் ஒரு சொட்டு சிந்தக்கூடாது என்று பார்த்ததால் வந்தது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் உறுதியாகப் பிடி. மூடியை இறுக்கிக் கட்டு. நிறுத்தினால் சில்லுக்கு ஒரு கட்டை வை, ஹாண்ட் பிறேக்கை அளவாக இழு. தண்ணீர் அடிக்கிறதை ஒரு மணித்தியாலம் கழித்துச் செய்" என்று மிலான் சொன்னார். பிறகு எழும்பி நின்று, எங்கள் கராஜ் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அந்த உயரமான மனிசன் ஊன்றுகோலோடு நின்று கேட்டது எனக்காக.

புது ட்ரம்மும் லைனிங்கும் போட்டு முடிய வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. "உங்கட அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று நான் சொல்லியிருந்தேன்.

"அவரு எதுக்கு அங்கிள்?"

"ஃப்ரிட்ஜிலை ஒட்டினதை எழுதினவன் நான். நானே சொல்லவேணும்."

செந்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்தார். நல்ல மனிதர்தான். பயந்த மனிதர். இரண்டு வயதுக் குழந்தையின் தகப்பன், மெக்கானிக் எழுதிக்கொடுத்ததை நம்பினார், அவ்வளவுதான். அண்டாவும் அரிசியும் அப்படியே இருக்க, கோமதி ஓட்டினாள். நான் பக்கத்தில், அவர் பின்கதிரையில். லிட்கம் பெருந்தெருவில் அறுபதில் போனாள். தூரத்தில் சிவப்பு விழுந்தது. அவளுடைய கால் பழைய பழக்கத்தில் அசைந்ததைக் கண்டேன். அடக்கிக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து உறுதியாக மிதித்தாள். வண்டி ஒரு சத்தம் இல்லாமல் நின்றது. இன்னும் இரண்டு சிக்னல் பார்த்தோம். எங்கேயும் ஒன்றும் இல்லை.

"பாத்தியா, இப்ப எவ்வளவு அழகா ஓட்டுற" என்றார் செந்தில் பின்னால் இருந்து. உண்மையான சந்தோசத்தோடுதான் சொன்னார்.

கோமதி இடது பக்கம் சிக்னல் போட்டு ஓரத்தில் நிறுத்தினாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் எனக்காகத்தான் காத்திருக்கிறாள் என்று விளங்கியது.

நான் பின்னுக்குத் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"தம்பி, இந்தப் பிள்ளை முதலும் அழகாத்தான் ஓட்டினவ. ஒருநாளும் சடுதியா மிதிக்கேல்லை. வண்டியிலைதான் பிழை. அதை அவ முதல் நாளே எனக்குச் சரியாச் சொன்னவ. எனக்குத்தான் விளங்கேல்லை. விளங்காமலே அவவிலை பழியைப் போட்டு எழுதிப்போட்டன். அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்கோ."

வாகனங்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. செந்தில் முன்னுக்குச் சாய்ந்து, "மூணு வாரமா சொன்னியே, நான் கேக்கவே இல்லல்ல" என்றார்.

"நானே என்னய நம்பாமப் போயிட்டேன்" என்றாள் கோமதி. "எல்லாரும் சொல்றாங்களே, நமக்குத்தான் ஓட்டத் தெரியலபோலன்னு."

கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்தாள். கண்ணாடியைப் பார்த்தாள், தலையைத் திருப்பித் தெருவைப் பார்த்தாள்.

"புதன்கிழமை ஒரு வளைகாப்பு ஆர்டர் கேட்டிருந்தாங்க, நூத்தியிருபது பேருக்கு. முடியாதுன்னு சொல்லியிருந்தேன்" என்றாள். "இப்பப் போய் முடியும்னு சொல்லப்போறேன்."

யாரிடமும் கேட்கிற குரலாக அது இருக்கவில்லை. வலது பக்கம் சிக்னல் போட்டு, வண்டியைத் தெருவுக்கு எடுத்தாள்.